மூன்றாம் மாடியில் நாலு விரல் உயரம்

தை 19, வெள்ளி

பால் ஒன்றரை லிட்டர். சிலிண்டர் மாற்றி நாற்பத்திரண்டு நாள். தூக்கிப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் வரும் போலிருக்கிறது. தை வெள்ளி என்பதால் காலையிலேயே மாவிளக்கு போட்டேன்.

புது ஆர்டருக்கு இன்று பதிவேடு தொடக்கம். ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஐந்து மாடி லிஃப்ட். ஒரு லிஃப்டுக்கு நாலு வயர் கட்டு. முதல் கட்டு லிஃப்ட் பெட்டியின் தலைக்குப் போவது. பெட்டி எந்த மாடியில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்ற சேதியைக் கொண்டு போகிற பதினெட்டு வயர். ஒவ்வொரு வயரின் நுனியிலும் பின். கனெக்டருக்குள் தள்ளினால் டக்கென்று உட்கார வேண்டும். உட்கார்ந்ததா என்று தெரிய ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு மீட்டர் வைத்துப் பீப் சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் சரி என்றால் பதிவேட்டில் டிக், பக்கத்தில் கையெழுத்து. கடைசியாக ஸ்லீவ் மாட்டி, சூடு காட்டி, சீல். கல்யாணமாகி வந்தபோது ஃப்யூஸ் போடத் தெரியாதவள் நான். ஆறு வருஷமாக இந்த வேலையில் என் கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

முதல் கட்டுக்கு நேற்றே பின் எல்லாம் தள்ளி வைத்திருந்தேன். காலண்டரில் நல்ல நேரம் ஒன்பதரை முதல் பத்தரை. பத்தரைக்கு ராகு காலம். ஒன்பது ஐம்பதுக்குப் பதிவேட்டைப் பிரித்து, பிள்ளையார் சுழி போட்டு, ஓரத்தில் மஞ்சள் வைத்து, முதல் கட்டுக்கான பதினெட்டு டிக்கையும் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். புது வேலையின் முதல் பக்கம் நல்ல நேரத்தில் எழுதப்பட்டுவிட வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். மீட்டரை மத்தியானம் சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம்.

பத்தேகாலுக்குத் தமீம் பாய் மொபெட்டில் வந்துவிட்டார். கம்பெனியின் வயர்மேன், என்னிடம் பொருள் கொடுப்பதும் வாங்கிப் போவதும் அவர்தான்.

"ஏம்மணி, முதல் கட்டு ரெடிங்களா? பியூலாம்மா டவர்ல மாட்டிப் பாக்கோணுமாமா."

"சாயங்காலம்னு சொன்னீங்களே பாய்."

"நானென்னுங் பண்றது. அந்தம்மா போன்ல நிக்குது." பதிவேட்டை எட்டிப் பார்த்தார். "அதான் டிக் போட்டு வெச்சிருக்கீங்களே. உங்க டிக்கு தாசில்தார் கையெழுத்தாட்டங். யாரு கேக்கப் போறா?"

ராகு காலம் பிறக்க எட்டு நிமிஷம் இருந்தது. ஸ்லீவுக்குச் சூடு காட்டி, சீல் ஒட்டிக் கொடுத்தேன். நேரத்துக்கு முன்னால் பொருள் வாசல் தாண்டிவிட்டது. மாவிளக்கு நன்றாக நின்று எரிந்தது.

தை 22, திங்கள்

இட்லி அரிசி ஊறப் போட்டது நாலு ஆழாக்கு. வீட்டுக்காரருக்குக் கால் வலி, தைலம் தீர்ந்தது.

பியூலா போன் செய்தாள். கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர், குன்னூர்ப் பெண். கம்பெனிக்குள் இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கூடு இருக்கிறது, டவர் என்பார்கள். அதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பார்கள். மோட்டார் பாஸ், பிரேக் பாஸ், கதவு பாஸ், என் கட்டும் பாஸ்.

"இங்க எல்லாம் நல்ல புள்ளைங்கதான்க்கா. சைட்ல போய் அஞ்சு மாடிக்கும் கோத்து விட்டாத்தான் யாருக்கு வால் இருக்குன்னு தெரியும்" என்று சிரித்தாள்.

பாஸ் ஆகிவிட்டது என்றதும் முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். ஏன் என்று அவர் கேட்டார். சும்மா என்றேன்.

தை 26, வெள்ளி

அமாவாசை. மற்ற மூன்று கட்டும் முடிந்தன. இழுத்துப் பார்த்து, பீப் கேட்டு, அதன் பிறகு டிக். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்தேன்.

மாசி 3, வியாழன்

சிலிண்டர் தீர்ந்தது. ஐம்பத்தைந்து நாள். பரவாயில்லை.

பியூலா வீட்டுக்கே வந்தாள். முகம் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் எல்லா மாடியிலும் ஒழுங்காக நிற்கிறதாம், மூன்றாம் மாடியைத் தவிர. அங்கே பத்து தடவையில் ஒரு தடவை, தரை மட்டத்துக்கு நாலு விரல் மேலே நின்று கதவைத் திறந்துவிடுகிறதாம்.

"நாலு விரல்தானே" என்றேன்.

"ஸ்ட்ரெச்சர் சக்கரம் எவ்வளவுக்கா? மாசமா இருக்கறவங்க காலத் தூக்கியா வெப்பாங்க? பிரசவ வார்டே அந்த மாடிதான்." நான் கொடுத்த பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "ப்ரோக்ராம் மாத்திட்டேன். சென்சார் மாத்திட்டேன். பிரேக்கக் கழட்டி மாட்டியாச்சு. இப்ப ஒவ்வொண்ணா அடிச்சிட்டு வரேன். உங்க கட்டு மட்டும் தொடவே இல்ல."

"ஏன்?"

"உங்க டிக் இருக்கேக்கா."

பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனாள். உப்புப் போட வேண்டியதில்லை பாயசத்துக்கு. இன்று ஒரு சிட்டிகை விழுந்திருக்கிறது. அவள் சொல்லவில்லை.

மாசி 5, சனி

மூன்றாம் மாடிக்கு நேராக லிஃப்ட் குழிக்குள் ஒரு சின்ன இணைப்புப் பெட்டி. அதில்தான் மேலிருந்து வரும் வயர்களையும் கீழே போகும் வயர்களையும் ஒட்டுப் போட்டு இணைப்பது. அந்த ஒட்டு தமீம் பாய் போட்டது. மூன்றாம் மாடியில் கோளாறு, மூன்றாம் மாடியில் அவர் ஒட்டு. போன ஐப்பசியில்தான் அவருக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. முதலாளி நஞ்சப்பன் கணக்கைக் கூட்டி முடித்துவிட்டார்.

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது பட்டும் படாமலும் கேட்டேன். "ஏனுங்க, ஒரு ஆளு வேல ஒண்ணு செய்யாமயே செஞ்சதா எழுதிட்டா..."

"எங்க பம்ப்பு கம்பெனில அப்படி எழுதற ஆளுகளுக்குத்தான் ப்ரமோஷன்" என்றார். "யாரு, பால்காரனா?"

"ஆமாங்" என்றேன். பாவம், பால்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மாசி 8, செவ்வாய்

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு ஆலோசகரைக் கூட்டி வந்திருக்கிறார்களாம், பதிவேட்டோடு வரச் சொல்லி முதலாளி போன் செய்தார். பட்டுத்துணியில் சுற்றி எடுத்துப் போனேன். மூன்றாம் மாடியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். பெட்டிக்குள் எட்டுப் பேர் எடைக்கு மணல் மூட்டைகள். தமீம் பாய் சுவரோரம், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

பியூலா பொத்தானை அமுக்கினாள். ஏழு தடவை போய் வந்தது. ஏழும் மட்டமாக நின்றது. எட்டாவது தடவை கதவு திறந்தபோது பெட்டியின் தரை ஒரு படி மாதிரி மேலே நின்றது. நான் குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். கட்டை விரல் நீங்கலாக நாலு விரல். கை அப்படியே பொருந்தியது.

ஆலோசகர் என் பதிவேட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். பதினெட்டு டிக்கும் ஒரே சாய்வில், ஒரே அளவில் இருந்தன. "இவ்வளவு சுத்தமா ரெக்கார்டு வெக்கற ஆள இப்பத்தாங்க பாக்கறேன்" என்றார். முதலாளிக்குப் பெருமை. "எங்க ராசாமணியம்மா விளக்கேத்திட்டுத்தாங்க வேலையத் தொடுவாங்க" என்றார். பிறகு பாய் பக்கம் திரும்பி, "ஒண்ணு டிக்கு. இன்னொண்ணு கண்ணு. நாம எதைங்க நம்பறது, பாய்?" என்றார்.

பாய் ஒரு வயரை எடுத்து அதன்மேல் பொடியாக அச்சடித்திருந்த எழுத்தை வாய்விட்டுப் படித்தார். சரியாகப் படித்தார். யாரோ ஒருவர் சிரித்தார். மூன்றாவது முறையாக அவர் தன் ஒட்டைப் பிரித்துப் புதிதாகப் போட ஏணியில் ஏறினார்.

நான் பதிவேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

மாசி 11, வெள்ளி

கவசம் சொல்ல உட்கார்ந்தேன். பாதியில் வரி மறந்தது. இருபது வருஷமாக மறக்காத வரி. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மாசி 12, சனி

எனக்கு நானே சொல்லிக்கொண்டவை: அன்று பின் தள்ளும்போது பதினெட்டும் டக்கென்றுதான் கேட்டிருக்கும். கோளாறு வேறு எங்காவது இருக்கும். டவரில் பாஸ் ஆனது. இப்போது போய்ச் சொன்னால் வீணாகச் சீலை உடைத்து, அதில் ஒன்றும் இல்லாமல் போனால், இத்தனை வருஷப் பேர் போனதுதான் மிச்சம்.

டக்கென்று கேட்டிருக்கும் என்று எழுதியிருக்கிறேன். கேட்டது என்று எழுத வரவில்லை.

மாசி 14, திங்கள்

பதினோரு மணிக்குத் தமீம் பாய் வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே ஹாரன் அடிப்பவர், இன்று வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தன்னிடமிருந்த கம்பெனி மீட்டரை என் மேஜைமேல் வைத்தார்.

"இத நீங்களே குடுத்துருங் அம்மணி. நான் நின்னுக்கறேனுங்."

"முதலாளி போகச் சொல்லிட்டாரா?"

"அவரு சொல்லலீங். திட்டுனாரு, அது பழசுதான். நானே சொல்லிட்டேன்." உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாத்தேன். ஒட்டு மூணு தடவ போட்டாச்சு. மூணும் நல்லாத்தான் தெரியுது எனக்கு. அப்ப என்னுங் அர்த்தம்? நல்லா இல்லாதது எனக்கு நல்லாத் தெரியுதுன்னுதான அர்த்தம்?"

நான் டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன்.

"காலைல ஊசில நூல் கோத்துப் பாத்தேன். ஒரே தடவைல போயிருச்சு. மின்னெல்லாம் அதுல நம்பிக்க வரும். இப்ப அதுவும் சும்மா போக்குக் காட்டுதோன்னு இருக்குதுங். பொம்பளைங்க புள்ள பெக்கப் போற எடம் அம்மணி. எம் பேரனும் அந்த மாதிரி ஒரு ஆஸ்பத்திரிலதான் பொறந்தான். ஒருத்தி தடுக்கி விழுந்தா நான் அல்லாகிட்ட என்னுன்னு சொல்லுவேன்?"

டீயைக் குடித்தார். டம்ளரைக் கழுவி வைக்கிறேன் என்றார், வேண்டாம் என்றேன். போய்விட்டார்.

அவர் உட்கார்ந்திருந்தது முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஆறு சொல் போதும். நான் சொன்னது "சர்க்கர போதுமா பாய்" என்பது மட்டும்.

சாமி அறை விளக்கை ஏற்றவில்லை இன்று. எண்ணெய் இருந்தது, திரியும் இருந்தது. நீட்டுகிற கைதான் கூசியது.

மாசி 15, செவ்வாய்

ராகு காலமா எமகண்டமா என்று பார்க்காமல் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் பியூலாவும் முதலாளியும் இருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். முதல் கட்டை இழுத்தும் பார்க்கவில்லை, மீட்டரும் வைக்கவில்லை, நல்ல நேரம் தப்பிவிடக் கூடாது என்று முதலிலேயே டிக் போட்டேன், பாய் வந்து கேட்டதும் ராகு காலத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டேன்.

பியூலா லிஃப்டின் தலைமேல் ஏறிச் சீலை அறுத்தாள். ஸ்லீவைப் பிளந்தாள். நான் மேல் மாடி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தாள். ஆறு வரை அசையவில்லை. ஏழாவது வயர் கையோடு வந்துவிட்டது.

பின் உட்காரவே இல்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. டவரில் இரண்டு மாடிதான், கேபிள் அவ்வளவாக மடங்காது. இங்கே பெட்டி மூன்றாம் மாடிக்கு வரும்போதுதான் கேபிள் நன்றாக வளைந்து இழுக்கிறதாம். அந்த ஒரு கண நேரம் ஏழாம் வயருக்குப் பேச்சு நின்றுவிடும். தரை இன்னும் வரவில்லையே என்று சொல்ல வேண்டியது அந்த வயர்தான். அதன் சேதி அறுந்தால், வந்துவிட்டோம் என்று பெட்டி நின்றுவிடும். பியூலா இதைப் புத்தகம் படிப்பது போல, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பின்னை உட்கார வைத்தாள். முப்பது தடவை ஓட்டினாள். முப்பதும் மட்டம்.

முதலாளி வெகு நேரம் மீசையைத் தடவினார். "சரி விடுங். வண்டில வரப்ப ஆடி லூசாயிருச்சுன்னு எழுதிக்கலாம். உங்க பேரும் கெடாது, எம் பேரும் கெடாது."

பியூலா இறங்கி வந்து என் எதிரில் நின்றாள். "அக்கா, இந்த மாதிரி இது முதல் தடவையா?"

"ஆமா" என்றேன்.

மாசி 16, புதன்

உக்கடத்தில் பாய் வீடு. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நேற்றுச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

பாய் முதலில் சிரித்தார். ஏழாவது வயரா, பின்னா, என்று இரண்டு முறை கேட்டார். தன் வலது கையை விரித்து, திருப்பி, பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எம் மேல பழி வந்தப்ப நீங்க பேசாம நின்னீங்க. அதுகூடப் பரவால்லீங், பயம் எல்லாருக்கும் உண்டு. நேத்திக்கு முந்தின நாளு நான் வந்து, என்ர கண்ணு கெட்டுப் போச்சுன்னு உங்ககிட்டச் சொல்றேன். நீங்க டீ போட்டுக் குடுக்கறீங்."

"ஆமாங் பாய்."

"இஞ்சி வேற."

அவர் மனைவி உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், வீட்டுக்கு வந்தவளை விரட்ட மாட்டார், பரவாயில்லை என்று சொல்லிவிடுவார். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வர எனக்கு வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மாசி 18, வெள்ளி

ஆறு வருஷப் பதிவேடுகள் மொத்தம் ஒன்பது. எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பினேன். முப்பத்தொரு லிஃப்ட். முப்பத்தொரு முதல் பக்கம். முப்பத்தொன்றிலும் ஓரத்தில் மஞ்சள்.

நல்ல நேரத்தில் டிக் போட்டுவிட்டு மத்தியானம் மீட்டர் வைப்பது என் வழக்கம். வைத்திருப்பேன். பெரும்பாலும் வைத்திருப்பேன். விருந்தாளி வந்த நாள், வீட்டுக்காரருக்குக் காய்ச்சலடித்த நாள், கரண்ட் போன நாள்? எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை என்று எந்தப் பக்கமும் சொல்லவில்லை. பார்த்ததற்கும் அதே டிக், பார்க்காததற்கும் அதே டிக். நான் தினமும் எழுதி வைத்த கணக்கு எனக்கே தெரியாத பாஷையில் இருக்கிறது.

பியூலாவிடம் ஆமா என்றேனே. டிக்கில் சொன்ன பொய் போதாதென்று, ஓர் ஆளுக்கு முன்னால் நின்றுகொண்டும் பொய் சொன்னேன். அன்று என் வாய் தயங்கக்கூட இல்லை.

மாசி 21, திங்கள்

முப்பத்தொரு விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி, மேலே பிள்ளையார் சுழி போடாமல், பியூலாவிடம் கொடுத்தேன். இது முதல் தடவை இல்லை என்றேன்.

அவள் தாளைப் படித்து முடிக்க நேரமானது. "இதுல ஒரு ஸ்கூல் இருக்குக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில், வருஷ சர்வீஸ் என்று சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது, காரணம் யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவானது. தமீம் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் வருகிறேன் என்றாராம். ஒரு நிபந்தனை: வயரை இழுத்துப் பார்ப்பது அவர், மீட்டர் வைப்பது பியூலா, ராசாமணி எழுதட்டும், ஆனால் அவர்கள் சொன்ன பிறகு.

முதலில் ஸ்கூல்.

மாசி 25, வெள்ளி

சிவராத்திரி. விரதம். தண்ணீர் மட்டும்.

நாலு நாளில் பதினொன்று முடிந்தன. ஸ்கூலில் பதினெட்டும் கெட்டியாக இருந்தன; பியூலா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பதாவதில், ஒரு கல்யாண மண்டபத்தில், பதிமூன்றாம் வயர் பாய் கையோடு வந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பதிமூணு, உட்காரல" என்றார் பாய். எழுதினேன். உட்கார வைத்தார். அதையும் எழுதினேன். பாய் என்னிடம் நம்பர் தவிர வேறு ஒன்றும் பேசுவதில்லை.

இன்று சிங்காநல்லூரில் ஒரு நாலு மாடி அடுக்ககம். லிஃப்டை நிறுத்தியிருந்ததால் கீழே ஓர் அம்மாள் இரண்டு தண்ணீர்க் கேனோடு காத்திருந்தார். இரண்டு முழங்காலிலும் வலிக்குக் கட்டிய பட்டை. கேனை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங், மணி ஒண்ணரையாச்சு. ரிப்பேருங்களா?"

வருஷ சர்வீஸ் என்று சொல்ல வேண்டும். பத்து இடத்தில் அப்படித்தான் சொன்னேன். தண்ணீர்க் கேனின் கைப்பிடி பதிந்த தடம் அவர் விரல்களில் சிவப்பாக இருந்தது.

"இல்லீங்" என்றேன். "இதுல வயரு சோதிக்கற வேல என்னுது. சோதிக்காமயே சோதிச்சதா எழுதிட்டேன். மூணு வருஷத்துக்கு மின்ன. அதான் இப்ப வந்து பாக்கறோம்."

மேலே ஏணியில் இருந்த பாயின் கை நின்றது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் இருந்த விபூதியையும் பார்த்தார்.

"மூணு வருஷமா நான் இதுலதான போயிட்டு வர்றேன்?"

"ஆமாங்."

"நல்லா இருக்குதே கத. இப்பப் பாத்தாச்சா?"

என் சொல் அங்கே செல்லாது. பாய்தான் மேலிருந்து சொன்னார்: "பதினெட்டும் இழுத்துப் பாத்துட்டேனுங். என்ர கண்ணாலயே பாத்தேன். நீங்க தைரியமாப் போங்."

பாய் இறங்கி வந்ததும் பியூலா லிஃப்டைப் போட்டாள். அந்த அம்மாள் என்னைத் தாண்டிக் கேன்களோடு உள்ளே போனார். கதவு மூடியது. ஒன்று எரிந்தது. இரண்டு. மூன்றில் கொஞ்சம் தாமதித்தது போல எனக்குத்தான் தோன்றியிருக்கும். நாலு. மேலே கதவு திறக்கும் சத்தமும், கேனைத் தரையில் இழுக்கும் சத்தமும் கேட்டன.

"எழுதுங் அம்மணி" என்றார் பாய்.